பன்னெண்டு வருஷ எக்ஸ்10 அனுபவம்: டிரையர் ஓடுனாதான் போர்ச் லைட் எரியும்

நார்த் கரோலினால கேரின்னு ஒரு ஊர்ல 2011-ல வீடு வாங்குனோம், 80-கள்ல கட்டுன வீடு. சாவி கையில வந்த அன்னைக்கே கவனிச்சேன், ஹால்லயும் போர்ச்லயும் ஏழெட்டு சுவிட்ச் மட்டும் மத்ததுலேந்து வித்தியாசமா இருந்துச்சு, கராஜ்ல ஒரு ஷூ டப்பா நெறைய வெள்ளக்கலர் மாட்யூல், அதாவது ப்ளக்ல சொருகற குட்டி டப்பா, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு குட்டி திருகு சக்கரம். பழைய ஓனர் விட்டுட்டுப் போன எக்ஸ்10 சிஸ்டம். சும்மா கெடச்சதை ஏன் விடணும்னு ஆரம்பிச்சது, பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஓடிருச்சு. இதுல முதல் ரெண்டு வருஷம் நான் பண்ணது முழுக்க முட்டாள்தனம், அதனாலதான் இத எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. எக்ஸ்10-ங்கறது வீட்டு லைட்டு, சாமான் எல்லாத்தையும் தூரத்துலேந்தே போட அணைக்க, 1975-ல ஸ்காட்லாந்துல பிக்கோ எலக்ட்ரானிக்ஸ்ங்கற கம்பெனி உருவாக்குன விஷயம். தனியா வயர் இழுக்க வேணாம், வைஃபை வேணாம், வீட்ல ஏற்கனவே ஓடுற கரண்ட் வயர்லயே சிக்னல் போகும். ஏசி வோல்டேஜ் பூஜ்யத்தத் தாண்டுற அந்த நொடிப்பொழுதுல, அந்த எடத்துல சத்தம் (வயர்ல வர்ற மின் இரைச்சல், நாய்ஸ்) கம்மியா இருக்கும்ங்கறதால, 120 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மில்லிசெகண்ட் துடிப்பு ஒண்ணு போகும். துடிப்பு இருந்து அடுத்த பூஜ்யத்துல இல்லேன்னா 1, தலைகீழா வந்தா 0. A-லேந்து P வரைக்கும் பதினாறு ஹவுஸ் கோடு, ஒவ்வொண்ணுக்கும் பதினாறு யூனிட், மொத்தம் 256 அட்ரஸ், மாட்யூல்ல இருக்கற ரெண்டு சக்கரமும் இத வெக்கறதுக்குத்தான். ஒரு லைட்ட போடச் சொல்ல அட்ரஸ், கட்டளைன்னு ரெண்டையும் ரெண்டு ரெண்டு தடவ அனுப்பி முடிக்கறதுக்கு 47 சைக்கிள் ஆகும், இங்க 60 ஹெர்ட்ஸ்ங்கறதால கிட்டத்தட்ட முக்கால் செகண்ட். மெதுவுதான், ஆனா லைட்டுக்கு அது போதும். பிரச்சன என்னன்னா போன சிக்னல் சேந்துச்சா இல்லியான்னு சாதாரண மாட்யூல் திருப்பி சொல்லாது. போஸ்ட் கார்டு போட்ட மாதிரிதான், போட்டாச்சு, அப்புறம் சாமி விட்ட வழி.

எங்க வீட்ல அந்த கார்டு பாதிக்கு மேல போய்ச் சேரல. ஹால் லைட் பத்துக்கு ஒம்போது தடவ எரியும், மாடி ரூம் பத்துக்கு நாலு, போர்ச் லைட் அதோட இஷ்டம். நான் என்ன பண்ணேன்னா மாட்யூல் கெட்டுருச்சுன்னு நெனச்சு மாத்திக்கிட்டே இருந்தேன். பழைய மாட்யூலுக்கு இணையத்துல விலை கம்மி, வாங்கி வாங்கி ஷூ டப்பா ரெண்டாச்சு. இன்னைக்கு தெரியுது, நான் தூக்கிப் போட்டதுல முக்காவாசி நல்ல மாட்யூல்.

முதல் துப்பு குடுத்தது என் மனைவி. ஒரு சனிக்கிழம டிரையர் மெஷின்ல துணி காயப்போட்டுட்டு வந்து, "ஏங்க, டிரையர் ஓடும்போது மட்டும் போர்ச் லைட் ஒழுங்கா கேக்குது பாத்தீங்களா"ன்னாங்க. சிரிச்சேன். அப்புறம் சோதிச்சுப் பாத்தேன், நெசம்தான். டிரையர் சூடா ஓடும்போது பத்துக்கு பத்து, நிறுத்துனா பத்துக்கு மூணு.

காரணம் அமெரிக்க வீட்டு கரண்ட் வர்ற விதம். வெளிய இருக்கற டிரான்ஸ்ஃபார்மர்லேந்து 240 வோல்ட் வருது, அத நடுவுல பிரிச்சு ரெண்டு 120 வோல்ட் லெக். வீட்ல பாதி ப்ளக்கு ஒரு லெக்ல, பாதி இன்னொண்ணுல. நான் கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டர் சொல்றத சிக்னலா வயர்ல அனுப்புற பெட்டி) சொருகுன ப்ளக் ஒரு லெக், போர்ச் லைட் எதிர் லெக். சிக்னல் அங்க போகணும்னா வெளிய டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போயி அதுக்குள்ள எப்படியோ தாவி திரும்பி வரணும், வரும்போது உயிர் பாதி போயிருக்கும். ஆனா டிரையர் 240 வோல்ட்ல ஓடுறது, அதோட ஹீட்டர் ரெண்டு லெக்குக்கும் நடுவுல சும்மா பத்து பன்னெண்டு ஓம் பாலம் மாதிரி. அது ஆன் ஆனா சிக்னல் அது வழியா நடந்தே போயிரும்.

அப்ப டிரையர் ஓடாத நேரத்துலயும் அந்தப் பாலம் இருக்கணும். அதுக்குத்தான் ஃபேஸ் கப்ளர்னு ஒரு சாமான். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல, 60 ஹெர்ட்ஸ விடாம 120 கிலோஹெர்ட்ஸ மட்டும் விடுற கெப்பாசிட்டர்தான் முக்கியம். டிரையர் ப்ளக்குக்கு நடுவுல சொருகற மாடல் வாங்குனேன், வந்து பாத்தா நாலு முள்ளு, எங்க வீட்டு டிரையர் ப்ளக் மூணு முள்ளு. 1996 எலக்ட்ரிகல் கோடுலேந்துதான் புது வயரிங்குக்கு நாலு முள்ளு கட்டாயம், எங்க வீடு அதுக்கு முந்தினது. திருப்பி அனுப்பி மூணு முள்ளு மாடல் வாங்க ரெண்டு வாரம் ஆச்சு. வாங்கறதுக்கு முன்னாடி டிரையர கொஞ்சம் இழுத்து பின்னாடி எட்டிப் பாருங்க, அவ்ளோதான். பிரேக்கர் எல்லாம் இருக்கற மெயின் பேனல்லயே மாட்டுற மாடலும் இருக்கு, அது எலக்ட்ரீஷியன் வேலை, நான் கைய வெக்கல, நீங்களும் வெக்காதீங்க.

கப்ளர் போட்டதும் போர்ச் லைட் நல்லாச்சு. ஆனா மாடி ரூம் அப்படியேதான் இருந்துச்சு. இங்கதான் அடுத்த ஒரு வருஷம் வீணாப் போச்சு, ஏன்னா நான் சத்தத்த தேடிக்கிட்டு இருந்தேன். எந்த சார்ஜர் நாய்ஸ் போடுது, எந்த பல்பு இரைச்சல் போடுதுன்னு ஒவ்வொண்ணா புடுங்கிப் பாத்தேன். உண்மைல திருடன் சத்தமே போடாதவன்.

கடைசியா ப்ளக்ல சொருகற சிக்னல் மீட்டர் ஒண்ணு வாங்குனேன், இத முதல் நாளே வாங்கிருக்கணும். இன்டர்ஃபேஸ் அனுப்புறது அஞ்சு வோல்ட் அளவுல கெளம்பும், மாட்யூலுக்கு 100 மில்லிவோல்ட் சேந்தா நிம்மதி. மாடி ரூம்ல காட்டுனது 30. சரி வழில எங்கயோ குறையுதுன்னு இன்டர்ஃபேஸ் இருக்கற அதே ரூம்ல அடுத்த சுவரு ப்ளக்ல அளந்தேன், அங்கயே 400 மில்லிவோல்ட்தான். அதாவது பொறந்த எடத்துலயே முக்காவாசிக்கு மேல செத்துருச்சு. குனிஞ்சு டேபிளுக்கு அடில பாத்தா விஷயம் புரிஞ்சுது: இன்டர்ஃபேஸ நான் சொருகி வெச்சிருந்தது சர்ஜ் ஸ்ட்ரிப்ல (திடீர் வோல்டேஜ் ஏத்தத்த தடுக்கற எக்ஸ்டென்ஷன் பெட்டி), அதே ஸ்ட்ரிப்ல கம்ப்யூட்டர், பக்கத்துல யுபிஎஸ்.

இந்த மாதிரி சாமான் எல்லாத்துலயும் உள்ள வர்ற வாய்லயே லைனுக்கு குறுக்க ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், வெளிய இரைச்சல் போகக்கூடாதுன்னு சட்டத்துக்காக வெக்கறது. நல்ல எண்ணம்தான். கணக்கு போட்டுப் பாருங்க, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 60 ஹெர்ட்ஸுக்கு 26,000 ஓம் மாதிரி தெரியும், கரண்ட் அத கண்டுக்கவே கண்டுக்காது. அதே கெப்பாசிட்டர் 120 கிலோஹெர்ட்ஸுக்கு வெறும் 13 ஓம். நம்ம சிக்னலுக்கு அது ஒரு பெரிய ஓட்ட. ஒரு டேபிள்ல இப்படி நாலு சாமான் இருந்தா மூணு ஓம்தான் மிச்சம். இதுல கொடுமை என்னன்னா பல சாமான் சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் சிக்னல குடிக்கும், ப்ளக்லேந்து புடுங்குனாத்தான் விடும். நான் ஒரு வருஷமா ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி சோதிச்சுட்டு இது இல்ல இது இல்லன்னு தள்ளிக்கிட்டு இருந்ததுக்கு இதுதான் காரணம்.

இன்டர்ஃபேஸ நேரா சுவத்துல சொருகுனேன், காசு செலவே இல்ல, மாடி ரூம் 30-லேந்து 90 ஆச்சு. கம்ப்யூட்டர் டேபிள் முழுசையும் ஒரு ப்ளக்-இன் ஃபில்டர் (சாமான் நம்ம சிக்னல குடிக்க விடாம தடுக்கற டப்பா) வழியா விட்டேன், 90 போயி 210. அப்புறம் டிவி ஸ்டாண்டுக்கு ஒரு ஃபில்டர். ஃபில்டர் வாங்கும்போது ஆம்ப்பியர் பாருங்க, அஞ்சு ஆம்ப் மாடல்ல லேசர் பிரிண்டர் சொருகுனா அது சூடாயி நாறும், எனக்கு நாறிச்சு.

மிச்சம் எங்க இருக்குன்னு கண்டுபுடிக்க ஒரு ஞாயித்துக்கிழம பிரேக்கர் டெஸ்ட் பண்ணேன். இன்டர்ஃபேஸ் இருக்கற சர்க்யூட்டும் மீட்டர் இருக்கற சர்க்யூட்டும் மட்டும் விட்டுட்டு பேனல்ல மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு, ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே மீட்டர பாக்கறது. எந்த பிரேக்கர் போடும்போது நம்பர் தடால்னு விழுதோ அந்த ரூம்ல திருடன் இருக்கான். ஃப்ரிட்ஜ் எவ்ளோ நேரம் ஆஃப்ல இருக்கும்னு வீட்ல ஒரே சண்ட, ஆனா ஒண்ணர மணி நேரத்துல ரெண்டு வருஷமா புரியாதது புரிஞ்சுது. யாராவது இன்னைக்கு என்கிட்ட கேட்டா ஒரு மாட்யூல் கூட மாத்தாதீங்க, மீட்டரும் பிரேக்கர் டெஸ்ட்டும் முதல்லன்னுதான் சொல்வேன்.

நாய்ஸ் பிரச்சன இல்லவே இல்லன்னு சொல்லல. 2014-ல அம்மா ஆறு மாசம் வந்து இருந்தாங்க, காலைல மிக்ஸி ஓடுற நேரம் ஹால் லைட் அசையாது, ரிமோட்ட அழுத்தி அழுத்தி நான் நிக்கறத பாத்துட்டு "சட்னி அரைக்கும்போது மட்டும் லைட்டு உன் பேச்ச கேக்காதாடா"ன்னு ஒரே கேலி. மிக்ஸி மோட்டார்ல பிரஷ் இருக்கு, அது போடுற தீப்பொறி எல்லா அலைவரிசைலயும் இரைச்சல். அதுக்கு பதினஞ்சு ஆம்ப் ஃபில்டர் வாங்கலாம்தான், வாங்கல. ரெண்டு நிமிஷம் லைட் காத்திருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது.

எல்இடி பல்பு கத வேற. பழைய லேம்ப் மாட்யூலும் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போற வயர்) இல்லாத சுவர் சுவிட்ச்சும் குண்டு பல்ப நம்பி செஞ்சது, அணைச்ச அப்புறமும் பல்பு வழியா துளி கரண்ட் கசியும். குண்டு பல்புக்கு அது உறைக்காது, எல்இடி மினுக்கு மினுக்குன்னு ராத்திரி பூரா பேய் வீடு மாதிரி இருக்கும். எல்இடி போடற எடத்துக்கு எல்லாம் ரிலே இருக்கற அப்ளையன்ஸ் மாட்யூல் இல்லேன்னா நியூட்ரல் இருக்கற சுவிட்ச்சுன்னு மாறிட்டேன். டிம்மிங் போச்சு, பரவால்ல.

இன்னொண்ணு, பேய்னு சொன்னேன்ல, நெசமாவே ஒரு பேய் இருந்துச்சு. தெனம் ராத்திரி பத்து மணிக்கு மேல படிக்கட்டு லைட் தானா எரியும். எங்க டிரான்ஸ்ஃபார்மர்லேந்தே பக்கத்து ரெண்டு மூணு வீட்டுக்கும் கரண்ட் போகுது, அதனால அங்க யாராவது எக்ஸ்10 வெச்சிருந்தா அந்த சிக்னல் எங்க வீட்டுக்கும் வரும்; மாட்யூல் எல்லாம் கடைலேந்து வரும்போதே A1-ல இருக்கும், நானும் மாத்தல, பக்கத்து வீட்ல யாரோ அவரும் மாத்தல. ஹவுஸ் கோட J-க்கு மாத்துனேன், பேய் அன்னைக்கே போயிருச்சு.

மென்பொருள் பக்கம் ஒரு பழைய லினக்ஸ் பெட்டி, அதுல ஹேயு (Heyu)ங்கற எக்ஸ்10 புரோகிராம், பல வருஷமா தொந்தரவு இல்ல. ஆன் ஆஃப் கட்டளை எல்லாம் ரெண்டு செகண்ட் விட்டு ரெண்டாவது தடவ அனுப்புற மாதிரி எழுதி வெச்சிருக்கேன், தவறுனதுல பாதி அதுலயே சரியாச்சு. டிம் கட்டளைக்கு இத பண்ணாதீங்க, அது இருக்கறதுலேந்து கொறைன்னு சொல்றது, ரெண்டு தடவ போனா ரெண்டு மடங்கு இருட்டு. கரண்ட் போயி வந்தா இன்டர்ஃபேஸ் நேரம் மறந்துட்டு கம்ப்யூட்டர கூப்ட்டுக்கிட்டே இருக்கும், ஹேயு பதில் சொல்லி நேரத்த ஊட்டிவிட்டாத்தான் வழிக்கு வரும்.

புதுசா ஒருத்தர் இத வாங்கலாமான்னு கேட்டா, வேணாம். இஸட்-வேவ் ஸிக்பீ மாதிரி வயர்லெஸ்ல ஓடுற சிஸ்டம் எல்லாம் சேந்துச்சான்னு திருப்பி சொல்லுது, அந்த ஒரு காரணம் போதும். ஆனா என்ன மாதிரி வீட்டோட வந்து மாட்டுனவங்க பயப்படாம வெச்சுக்கலாம். எங்க வீட்ல இன்னும் ஒம்போது மாட்யூல் ஓடுது, ஒழுங்கான நாள்ல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு தடவ கேக்கும்.

ஒழுங்கான நாள்னு ஏன் சொல்றேன்னா, போன வருஷம் எலக்ட்ரிக் கார் வாங்கி கராஜ்ல சார்ஜர் மாட்டுனோம். அதுவும் 240 வோல்ட்தான், ஆனா டிரையர் மாதிரி பாலம் போடல, சார்ஜ் ஏறுற நேரம் பூரா மீட்டர்ல ஒரே இரைச்சல். அந்த அளவு ஆம்ப்பியருக்கு ப்ளக்-இன் ஃபில்டர் எனக்கு எங்கயும் கெடைக்கல. கார் ராத்திரி பதினோரு மணிக்கு சார்ஜ் ஆரம்பிக்கும், போர்ச் லைட் அணையறது பதினொன்ற. ஒரு மாசம் தலைய பிச்சுக்கிட்டு, கடைசில போர்ச் லைட்ட பத்தே முக்காலுக்கு அணைச்சுக்கோன்னு மாத்திட்டேன்.