தேதிச் சீட்டைப் பார்த்துப் புத்தகம் எடுக்கிறோம்: ஐந்தாண்டு நூலக அனுபவம்

வேலூரில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் மகளைச் சேர்த்தபோது அவளுக்கு 8 வயது. இப்போது 13. முதல் சில ஆண்டுகள் தொல்லையே இல்லை. சிறுவர் பகுதியில் உட்கார்ந்தால் கை நிறையப் புத்தகங்களோடுதான் எழுந்து வருவாள். போன ஆண்டுதான், "அம்மா, இங்கே எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்கானது" என்று முகம் வாடி நின்றாள்.

இளையோர் நாவல்களுக்கென்று அங்கே தனி அடுக்கு கிடையாது. நம் பொது நூலகங்களில் நூலகவியல் அறிஞர் இரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை, அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுத்து அடுக்கும் முறை. அதில் தமிழ் நாவலுக்கு 'ஓ31,3' என்பதுதான் எண். பள்ளிப் பையனின் கதையும் நடுவயதுக் குடும்பத்தின் கதையும் ஒட்டி ஒட்டி நிற்கும். எண்ணை வைத்து வயது பார்க்க வழியில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது புத்தகத்துக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. ஒவ்வொரு முறை புத்தகம் வெளியே போகும்போதும் அதில்தான் தேதி முத்திரை குத்துவார்கள். மே மாத முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் அது பெரும்பாலும் விடுமுறையில் பிள்ளைகள் எடுத்துப்போன புத்தகம். அட்டைப்படமும் பின்னட்டைப் புகழ்ச்சியும் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன, இந்தச் சீட்டு அரிதாகத்தான் ஏமாற்றியது.

மு.வ.வின் 'அகல் விளக்கு' அப்படித்தான் கிடைத்தது. 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். வாலாஜாப்பேட்டையில் இரண்டு பள்ளிச் சிறுவர்களின் நட்பில் தொடங்குகிறது. வாலாஜா என் தாய்வீடு இருக்கும் ஊர். பாட்டி ஊர் ஒரு நாவலுக்குள் இருக்கிறது என்பதிலேயே மகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அறிவுரை நீளும் இடங்களில் பக்கங்களைத் தள்ளினாள், நான் தடுக்கவில்லை. அந்தச் சிறுவர்களில் ஒருவனான சந்திரன் தடம் மாறிப்போவதைப் படித்த இரவு சாப்பிடும்போதுகூட அவள் பேசவில்லை. பெரியவர்களுக்கான நாவல் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தால் அந்த இரவு அவளுக்குக் கிடைத்திருக்காது.

குறைகளும் உண்டு. ஒரு துப்பறியும் கதையில் கடைசி ஏழு பக்கங்களைக் காணவில்லை, பிள்ளை அழுதேவிட்டாள். அன்றிலிருந்து முடிவுப் பக்கங்களைச் சரிபார்த்து, முதல் பத்துப் பக்கங்களை அங்கேயே படித்துவிட்டுத்தான் எடுக்கிறோம். முதல் பாகம் இருக்கும், இரண்டாம் பாகம் இருக்காது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய்த் திரும்பியதும் உண்டு.

வேண்டிய புத்தகங்களை எழுதிக் கொடுக்க முதலில் தயங்கினேன். பிறகு வீட்டுவரி ரசீதைப் பார்த்தேன். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தால் வந்த நூலக வரி, சொத்து வரியில் 10 சதவீதம், நாமும்தான் கட்டுகிறோம். தயக்கம் போயிற்று. கொடுத்த பட்டியலுக்கு ஆறு மாதமாகப் பதில் இல்லை. மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கிடையே நூலகர் அம்மா ஜன்னலோரத்தில் இளையோர் புத்தகங்களுக்கென்று ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுத்தார். மகளும் அவள் தோழியும் சனிக்கிழமைகளில் தேதிச் சீட்டுகளைப் புரட்டி அதை நிரப்புகிறார்கள். இதுவரை பத்தொன்பது புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. சென்ற வாரம் அதில் நான்கு வெளியே போயிருந்தன.