உப்புக் காற்றில் எந்த குயிக் கப்ளர் நிற்கும்?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் வீட்டில் சின்ன கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் பைக் டயருக்குக் காற்றடிப்பதோடு நிறுத்துவதில்லை. அவுட்போர்டு மோட்டாரில் ஒட்டிய மணலை ஊதித் தள்ளுவது, ஃபைபர் வள்ளத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஹோஸைக் கழற்றி வேறு கருவியில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே ஹோஸை மாட்டிக் கழற்ற உதவும் இணைப்பான குயிக் கப்ளர்தான் வழி.

எந்தக் கப்ளர் என்பதற்கு கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்ப் பட்டறைகளில் சொல்லும் பதில் நம் கரைக்கு அப்படியே பொருந்தாது. அங்கே எவ்வளவு காற்று போகிறது என்று பார்ப்பார்கள். இங்கே ஒரு வாடைக்காலம் போன பிறகும் கப்ளரைக் கழற்ற இழுக்கும் வெளி வளையமான காலர் பின்னால் நகருமா என்பதுதான் முதல் கேள்வி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட் பூச்சும் தேவைப்பட்டன. கட்டை விரல் அளவு கப்ளருக்கு உப்பு இரக்கம் காட்டாது.

கடையில் குயிக் கப்ளர் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துப் போடுவது ஜப்பானின் நிட்டோ நிறுவன வடிவத்தை ஒட்டியது. 20 எஸ்எம், 20 பிஎம் என்று அதன் மேல் பொறித்திருக்கும். முதல் எழுத்து எஸ் என்றால் சாக்கெட், அதாவது காலர் உள்ள பகுதி; பி என்றால் பிளக், அதாவது அதற்குள் சொருகும் பகுதி. அடுத்த எழுத்து எம் என்றால் வெளித்த்ரெட், எஃப் என்றால் உள்த்ரெட், எச் என்றால் ஹோஸில் சொருகும் முனை. இதில் 20, 30, 40 எல்லாம் ஒன்றுக்கொன்று மாட்டும். மாறுவது த்ரெட்டின் அல்லது ஹோஸின் அளவுதான். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த வடிவத்தின் பக்கம் நிற்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பிளக் உடைந்தாலும் பக்கத்து ஊர்க் கடையில் வேறொன்று வாங்கி மாட்டி, வேலையை முடித்துவிடலாம்.

இதற்குப் போட்டி, வளைகுடாவிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் கருவிகளோடும் ஆன்லைன் செட்டுகளோடும் வரும் அமெரிக்க, ஐரோப்பிய வடிவங்கள். கீழக்கரைப் பக்கம் இவற்றை நிறையப் பார்க்கலாம். அமெரிக்க வடிவத்திலேயே ஒன்றோடொன்று சேராத வகைகள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் கசியும், இல்லையென்றால் பூட்டவே பூட்டாது. த்ரெட்டும் இடைஞ்சல்தான். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் த்ரெட், அமெரிக்கக் கருவியில் இருப்பது என்பிடி என்ற அமெரிக்க த்ரெட். கால் அங்குல அளவில் பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 19 இழை, என்பிடிக்கு 18. இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். பொருந்திவிட்டது என்றே தோன்றும். டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் அது சரியான பொருத்தம் ஆகாது. கருவி நல்லதாக இருந்தால், அதன் பிட்டிங்கைக் கழற்றிவிட்டு த்ரெட் மாற்றும் அடாப்டர் ஒன்று போட்டு, நிட்டோ வடிவப் பிளக்கை மாட்டிவிடுங்கள். வீட்டுக்கு ஒரே வடிவம் போதும்.

ஐரோப்பிய 7.2 வகையில் காற்று நன்றாகப் போகும், உண்மைதான். ஆனால் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் தருகிற காற்றுக்கு அந்தக் கூடுதல் வழி பெரிதாக உதவாது. அங்கே தடுப்பது கப்ளர் இல்லை, பம்பு.

நீல நிற பியு (பாலியூரித்தேன்) குழாயைச் சொருகும் பிளாஸ்டிக் பிட்டிங்கும் ஒரு போட்டிதான். துருப்பிடிக்காது, விலை குறைவு. நிலையாக ஓடும் லைனுக்கு நல்லது. தினமும் கழற்றி மாட்டினால் குழாய் முனையில் கீறல் விழுந்து கசியத் தொடங்கும். தவிர, சாதாரண வகையில் உள்ளே வால்வு கிடையாது. கழற்றினால் லைன் காற்று முழுவதும் வெளியே போகும்.

சரி, நிட்டோ வடிவம் என்று முடிவாகிவிட்டது. எந்த உலோகம்? கடையில் முதலில் கைக்கு வருவது முலாம் பூசிய இரும்பு. கடினமானது, சிமென்ட் தரையில் விழுந்தாலும் நெளியாது. ஆனால் இரண்டு பக்கமிருந்தும் துருப்பிடிக்கிறது. வெளியே கடற்காற்று, உள்ளே, ஈரக்காற்றை அழுத்தும்போது டாங்கில் சேரும் தண்ணீர். உள்துரு பொடியாக உதிர்ந்து ஸ்ப்ரே கன்னுக்குள் போனால், வள்ளத்துக்கு அடித்த பெயின்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். பெயின்ட் வேலை செய்பவர்கள் இந்தக் காரணத்துக்காகவே இரும்பைத் தவிர்க்கலாம்.

பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது. பூட்டும் எஃகுக் குண்டுகள் பிளக்கின் பள்ளத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தடம் பதிக்கும். இம்பாக்ட் ரெஞ்ச் போல அதிரும் கருவியில் பித்தளைப் பிளக்கை நேரடியாக மாட்டினால் கழுத்தில் விரிசல் விடக்கூடும். அதனால் என் தேர்வு கலப்புதான்: சாக்கெட் பித்தளை, பிளக் எவர்சில்வர். சாக்கெட் பித்தளையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் துருப்பிடிக்காத வகையா என்று கேட்டு வாங்குங்கள். காலர் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அவற்றால்தான். எவர்சில்வரிலும் 304 தரத்தில் கடலோரத்தில் நாளடைவில் துருப்புள்ளி விழும், 316 தரம் இன்னும் தாங்கும். பித்தளையோடு முலாம் இரும்பைப் பூட்டி வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். உப்பு ஈரம் நடுவில் நின்றால் இரும்புதான் முதலில் அரிக்கும்.

மாட்டும் திசையும் முக்கியம். வால்வு இருப்பது சாக்கெட்டில்தான். எனவே கம்ப்ரசர் பக்கம் எப்போதும் சாக்கெட், கருவியில் பிளக். கம்ப்ரசரில் எஸ்எம் அல்லது எஸ்எஃப், ஹோஸின் தொடக்கத்தில் பிஎச், முடிவில் எஸ்எச், கருவியில் பிஎம் அல்லது பிஎஃப். மாற்றிப் போட்டால் கழற்றும்போது காற்று நிற்காது.

வேலை முடிந்ததும் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மணலில் விழுந்த சாக்கெட்டை அப்படியே பூட்டாமல், நல்ல தண்ணீரில் அலசி, ஊதிக் காயவைத்து, காலருக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மெல்லிய மணல் குண்டுகளுக்கு நடுவில் போனால் பூட்டு பாதியில் நின்றுவிடும். அது பூட்டியதுபோலத் தெரிவதுதான் ஆபத்து. 8 பார் அழுத்தத்தில் அவிழ்ந்த பிளக்கும் ஹோஸும் வீசி அடித்தால் கண்ணையே எடுத்துவிடும். ஆகவே பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கழற்றும்போது முதலில் கம்ப்ரசர் வால்வை மூடி, கருவியின் விசையை அழுத்தி லைனில் மிச்சமிருக்கும் காற்றை விட்டுவிட்டு, பிறகு காலரைத் தொடுங்கள். பிள்ளைகள் சுற்றி விளையாடும் வீடு என்றால், முதலில் காற்றை வெளியேற்றிவிட்டு அப்புறம் விடுவிக்கும் இரண்டு கட்ட சேஃப்டி கப்ளரை ஹோஸ் முனையில் மாட்டுவது நல்லது. வாங்கும் முன் உங்கள் பிளக் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். எல்லா சேஃப்டி வகையும் நிட்டோ வடிவத்தில் வருவதில்லை.