கேம்பிரிட்ஜ் இணைய அகராதி: பொருளோடு தொனியும் தருகிறது

ஆங்கிலம் கற்கிறவர்கள் எந்த அகராதி நல்லது என்று கேட்டால், கேம்பிரிட்ஜ் இணைய அகராதியைத்தான் சொல்வேன். காசு கிடையாது, நடுவில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். அதன் அருமை தெரிய ‘ஷில்லி-ஷாலி’ என்ற ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தாலே போதும்.

முடிவெடுக்காமல் இழுத்தடிப்பதைக் குறிக்கும் வினைச்சொல் இது. போனில் கிடைக்கும் இலவச ஆங்கிலம்-தமிழ் செயலி ஒன்றில் தேடினால் ‘தயங்கு’ என்று மட்டும் வருகிறது, ஹெசிடேட் என்று தேடினாலும் தயங்கு, டிதர், வாசிலேட் எதைப் போட்டாலும் அதே தயங்குதான். இதை நம்பி ஒருவர் மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘நீங்கள் ஷில்லி-ஷாலி செய்கிறீர்கள்’ என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? கேம்பிரிட்ஜில் பொருளுக்கு முன்பாகவே இது பேச்சுவழக்கு, குறை சொல்லும் தொனி உடையது என்று குறித்திருக்கிறார்கள். அதாவது தம்பியிடம் “இழுத்தடிக்காம சீக்கிரம் முடிவு பண்ணுடா” என்று அதட்டும்போது வருகிற சொல், அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது. ஹெசிடேட்டில் அந்தக் குத்தல் இல்லை. ‘சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்’ என்று மரியாதையான கடிதங்களில்கூட அது வரும். வாசிலேட் இன்னும் கொஞ்சம் உயர்ந்த நடை, பத்திரிகைத் தலையங்கங்களில் பார்க்கலாம்.

வாஃபிள் என்ற சொல்தான் ரொம்பவே குழப்பும். அமெரிக்காவில் ஓர் அரசியல்வாதி வாஃபிள் செய்கிறார் என்றால் அவர் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் மதில்மேல் பூனையாக இருக்கிறார் என்று அர்த்தம், ஆனால் பிரிட்டனில் அதே சொல்லுக்கு விஷயமே இல்லாமல் வளவளவென்று பேசுவது அல்லது எழுதுவது என்று பொருள். இந்தத் தளத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க அகராதிகள் தனித்தனியாக இருப்பதால் எந்த ஊரில் எந்தப் பொருள் என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு உச்சரிப்பையும் கேட்கவும் செய்யலாம்.

அப்புறம் ஒரு சொல் எந்த நிலையில் கற்பவருக்கு உரியது என்று காட்டும் குறிகள், தொடக்க நிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரை. எந்தச் சொல்லை முதலில் படிப்பது என்று திண்டாடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

சொற்பிறப்பு மட்டும் இங்கே கிடைக்காது, அதற்கு மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியின் தளத்துக்குப் போங்கள். அதுவும் இலவசம்தான். ‘செய்யட்டுமா, செய்யட்டுமா’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் ‘ஷால் ஐ, ஷால் ஐ’தான் 1700 வாக்கில் திரிந்து ஷில்லி-ஷாலி ஆனது. அதைப் படித்த பிறகு இந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை.