குமுளி ரோட்டில் பைக்கில் வருகிறவர்கள் கவனத்துக்கு: சக்கரத்தைக் கழற்ற விடாதீர்கள்

கோட்டயம் – குமுளி ரோட்டில், பீர்மேடு தாண்டி வண்டிப்பெரியாறு வருவதற்குள், "பின் டயர்ல காத்து இல்ல" என்று யாராவது வந்து சொன்னால் பஞ்சர் கடையைத் தேடாதீர்கள். முதலில் வால்வு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் அது காணாமல் போயிருந்தது. இரும்பு மூடி, என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது, கையால் நன்றாகத் திருகி வைப்பார். அது தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை.

மதுரையிலிருந்து தேனி, போடிமெட்டு, மூணாறு, அடிமாலி வழியாகக் கொச்சி. திரும்பும்போது கோட்டயம், முண்டக்கயம், குட்டிக்கானம், குமுளி, கம்பம். இப்படி ஒரு சுற்று. இரண்டு பேரும் ஒரே வண்டியில், இரண்டு பக்கமும் பை. 350 சிசி, அலாய் வீல், டியூப்லெஸ் டயர். டியூப்லெஸ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நடந்த கூத்தெல்லாம் அதை வைத்துத்தான். ஸ்போக் வீல் வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும், அதில் இதே வித்தை இப்படி நடக்காது.

அன்று காலை கோட்டயத்தில் பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். எங்கள் வண்டிக்கு இருவர் ஏறினால் பின்னால் 36. முண்டக்கயத்திலிருந்து ஏற்றம் முழுக்க வண்டி கல் மாதிரி நின்றது. வளஞ்சாங்கானம் அருவியில் நிறுத்திப் படம் எடுத்தோம், குட்டிக்கானத்தில் மழை பிடித்தது, பீர்மேடு தாண்டி ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து பழம்பொரி சாப்பிட்டோம். வெளியே வந்தால் ஒரு பையன் நிற்கிறான். "அண்ணா, பேக் டயர் டவுன் ஆயிருக்கு. அந்த வளைவுல கடை இருக்கு, தள்ளிட்டே போயிரலாம்."

தள்ளிக்கொண்டே போகிற தூரத்தில் கடை. தார்ப்பாய் கட்டிய கொட்டகை, ஒரு கம்ப்ரசர், வாசலில் பழைய டயர்கள். போர்டு கிடையாது. உள்ளே இருந்தவர் நல்ல கம்பம் பக்கத்துத் தமிழ் பேசினார். இதை எழுதக் காரணம் இருக்கிறது. கேரளாவில் ஏமாந்தேன் என்று யாராவது எழுதினால் கீழே உடனே மலையாளிகளைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்களை ஏமாற்றியவர் நம் ஊர்க்காரர். உதவியவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தேய்த்தார். ஒரு இடத்தில் குமிழ் வந்தது. "ஒரு பஞ்சர்தான், ஸ்ட்ரிப் போட்டா நூறு ரூபா." ஸ்ட்ரிப் என்பது வெளியிலிருந்தே துளைக்குள் செருகுகிற ரப்பர் பட்டை. சரி என்றோம். ஆணி எங்கே என்று கேட்டார் என் வீட்டுக்காரர். வழியில் விழுந்திருக்கும் என்றார். அப்புறம், "சார் டீ குடிச்சிட்டு வாங்க, பத்து நிமிஷம்" என்றார். இப்போதுதான் குடித்தோம் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. என் வீட்டுக்காரர் போன் வந்து ரோட்டுப் பக்கம் போனார். நான் டயருக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரர் வலது கையில் ஒரு ஈரத்துணி. இடது கையால் சக்கரத்தைச் சுற்றுவார், துணியை டயர் மேல் வைத்து அழுத்தி நகர்த்துவார். பார்ப்பவருக்குத் துடைப்பது போல இருக்கும். ஆனால் துணி ஓரிடத்தில் நிற்கும், மணிக்கட்டு ஒரு திருகு திருகும், 'உஸ்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர் அங்கே போகும். உடனே, "அக்கா, இங்க பாருங்க, இன்னொன்னு." ஓட்டை இருந்தால் காற்று ஏற்றியதுமே சத்தம் வந்திருக்க வேண்டும் இல்லையா? துணி பட்ட பிறகு எப்படி வரும்? இரண்டாவது முறை துணி நகர்ந்தபோது அதன் நுனியில் மரக்கைப்பிடி தெரிந்தது. பஞ்சர் ஒட்டுவதற்கு முன் துளையைச் சுரண்டிச் சீராக்க ஒரு ஊசி வைத்திருப்பார்களே, அதுதான். "கைல என்ன அது?" என்றேன். "சுத்தம் பண்றேன்கா."

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அதற்குள் மூன்று ஓட்டை ஆகிவிட்டது. இவர் வந்து கேட்டதும் அந்த ஆள் பேச்சை மாற்றினார். "சார், மூணு இடம்னா ஸ்ட்ரிப் நிக்காது. நீங்க குமுளி காட் இறங்கணும், பின்னாடி அக்கா வேற, லக்கேஜ் வேற. டயரைப் பிரிச்சு உள்ள மஷ்ரூம் போட்டாத்தான் சேஃப்டி." உள்ளிருந்து ஒட்டும் மஷ்ரூம் பேட்ச் ஸ்ட்ரிப்பைவிட உறுதியானது என்பது உண்மைதான். அதனால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. பொண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்து மலை இறங்கப் போகிறவரிடம் 'சேஃப்டி' என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? இவர் தலையாட்டி முடிப்பதற்குள், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆக்ஸில் நட்டில் ஸ்பானர் விழுந்துவிட்டது. சக்கரம் தார்ப்பாய்க்குப் பின்னால் போய்விட்டது.

வித்தையின் மையமே இந்த இடம்தான். சக்கரம் வண்டியில் இருக்கும்வரை நீங்கள் வாடிக்கையாளர். காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு, வேறு கடை பார்க்கிறேன் என்று கிளம்பலாம். சக்கரம் கழன்ற பிறகு அவர் சொல்வதுதான் விலை. உள்ளே போனதும் ஓட்டை ஐந்தாகிவிட்டது. பார்க்கிறேன் என்று நான் உள்ளே நுழைந்தேன், "லேடீஸ் இங்க வரக்கூடாது" என்றார். இவர் நுழைந்தார், "நம்பிக்கை இல்லன்னா எடுத்துட்டுப் போங்க" என்றார். மழையில், ஒரு சக்கரம் இல்லாத வண்டியை எங்கே எடுத்துப் போவது?

கணக்கு: மஷ்ரூம் ஒன்று 200 வீதம் ஐந்துக்கு 1,000. கழற்றி மாட்ட 150. கேட்காமலே டயருக்குள் ஊற்றிய பஞ்சர் லிக்விடுக்கு 350. ஆக 1,500. பில் கேட்டோம், இல்லை. ஜிபே செய்கிறோம் என்றோம், ரேஞ்ச் இல்லை என்றார். எங்கள் போனில் சிக்னல் முழுசாக இருந்தது. டீக்கடையில் ஸ்கேனர் ஒட்டியிருந்ததை அப்போதே பார்த்திருந்தேன். ஆன்லைனில் அனுப்பினால் பெயர் தெரிந்துவிடும், வேறென்ன? ரொக்கமாகத்தான் வாங்கினார்.

பணத்தோடு போயிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். கடையிலிருந்து ரோட்டுக்கு ஒரு சரளைக்கல் சரிவு. இவர் வண்டியை இறக்கும்போது பின் பிரேக்கை மிதித்தார், மிதி வெறுமனே உள்ளே போனது. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது டிஸ்க் நுழைவதற்காக பிரேக் பேடுகளைப் பிளந்து தள்ளுவார்கள். மாட்டி முடித்ததும் மிதியை நாலைந்து தடவை மிதித்து, பேடுகள் டிஸ்க்கோடு ஒட்டிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் அதைச் செய்யவில்லை, சொல்லவும் இல்லை. நான் இன்னும் ஏறவில்லை, வண்டி வேகமும் எடுக்கவில்லை, முன் பிரேக்கில் நின்றது. இதே மிதியை முதல் தடவையாக ஒரு பெரிய இறக்கத்தில் மிதித்திருந்தால்?

அப்புறமும் வண்டி சரியில்லை. வண்டிப்பெரியாறு தாண்டியதும் செயினிலிருந்து ஒரு கடகட சத்தம். வளைவுகளில் பின்பக்கம் தனியாக ஆடுவது போல இருந்தது. ஓட்டுகிறவரைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது சீக்கிரம் தெரியும், இடுப்பில் தெரியும். "ஏங்க, வண்டி நடை மாறிருக்கு" என்றேன். முப்பதுக்கு மேல் போகாமல் குமுளி வந்து சேர்ந்தோம்.

குமுளியில் ஒரு மெக்கானிக் சேட்டன், வயதானவர். வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யாரு மோளே இதை மாட்டினது?" பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டருக்குக் கோடுகள் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் வேறு கோடு. சக்கரம் கோணலாக நின்றிருந்தது. ஆக்ஸில் நட் முழுதாக முறுக்கப்படவில்லை. செயினோ விறைத்துப் போயிருந்தது. இரண்டு பேரும் சாமானும் ஏறி வண்டி அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், அதற்கு இடம் விட்டுத்தான் தளர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சரி செய்தார். நூறு ரூபாய் கொடுத்ததற்கு ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்ன இன்னொரு விஷயம்: கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இந்த ரோட்டில் நெருங்கி வரும்போது இப்படிப் பையன்களை டீக்கடை வாசலில் நிறுத்தி வைப்பது கூடுமாம்.

குமுளி மலைப்பாதையை முதல், இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். மாதா கோவில் வளைவு, மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பென்ஸ்டாக் குழாய்கள், லோயர் கேம்ப், எதையும் நின்று பார்க்கவில்லை. கம்பம் வருவதற்குள் டயரில் மறுபடி காற்று குறைந்துவிட்டது. அங்கே ஒரு டயர் கடையில் பிரித்தார்கள், இந்த முறை எங்கள் கண்ணெதிரே, மெஷினில்.

உள்ளே மூன்று மஷ்ரூம்தான் இருந்தது. மற்ற இரண்டு துளையிலும் வெறும் ஸ்ட்ரிப். ஐந்து துளையும் ஒரே அளவு, ஒரே மாதிரி உருண்டை. ஆணி குத்தினால் சாய்வாகக் குத்தும், கிழிக்கும், ஐந்து ஆணியும் ஒரே அளவில் இருக்காது என்று காட்டினார் கடைக்காரர். ஒரு துளை டயரின் ஓரத்தில், பக்கச்சுவர் ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது. அங்கே ஒட்டுவது பாதுகாப்பில்லை, டயரை மாற்றத்தான் வேண்டும். அலாய் வீலின் உதட்டில் லீவர் போட்டு நெம்பிய கீறல்கள், அந்த வழியாகவும் காற்று கசிந்திருக்கிறது. ஆக, ஒரு வால்வு மூடியைத் திருடி காற்றைப் பிடுங்கியதில் தொடங்கியது, ஒரு நல்ல டயர் குப்பைக்குப் போனதில் முடிந்தது. வால்வைத் தொட்டது யார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் காலையில் 36 இருந்த டயர், ஆணி இல்லாமல், டீ குடிக்கிற நேரத்தில் எப்படி இறங்கும்?

இந்தப் பக்கம் பைக்கில் வருகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்வது: கையடக்கக் காற்று பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும், சார்ஜில் ஓடுவதே கிடைக்கிறது. டயர் இறங்கியிருந்தால் காற்றை ஏற்றிவிட்டு, வால்வில் கொஞ்சம் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிவது வால்வுதான். மெதுவாகக் கசிகிற டியூப்லெஸ் டயரில் காற்றை ஏற்றிக்கொண்டு அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம். பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும், அங்கிருந்து ஊருக்குள் இருக்கும் கடையைத் தேடலாம். கடைக்குப் போனால் சோப்புத் தண்ணீரை நீங்களே தேயுங்கள். முழுச் சுற்று தேய்த்து, குமிழ் வந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்துவிட்டு, "இவ்வளவுதான், வேறு இருந்தால் காசு இல்லை" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். ஸ்ட்ரிப் போட சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அப்படியும் யாராவது சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பாருங்கள், அட்ஜஸ்டர் கோடுகளைப் பாருங்கள். இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கிறீர்களா என்று ஊரில் இருக்கும்போதே பார்த்து, அந்த நம்பரைப் போனில் வைத்துக்கொள்வதும் நல்லது.

கடையின் இடத்தைத் துல்லியமாகப் போடச் சொல்வீர்கள். போர்டும் பெயரும் இல்லாத தார்ப்பாய்க் கொட்டகை அது, அடுத்த மாதம் வேறு வளைவில் இருக்கும். அடையாளம் சொன்னால் பக்கத்தில் ஒழுங்காகத் தொழில் செய்பவர் மேல் பழி விழும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் பேசினோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அதாவது இதற்காக இடுக்கிக்கு அலைய வேண்டியதில்லை, மதுரையிலேயே போடலாம். ஆனால் யார் மேல் போடுவது? பில் இல்லை, பெயர் இல்லை, பணம் போன தடம் இல்லை. அந்த ரேஞ்ச் இல்லாத கதை எதற்கென்று எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. ரொக்கம் மட்டும்தான் என்கிற கடையில், வேலை தொடங்கும் முன்பே கடையையும் ஆளையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். சக்கரம் உள்ளே போன பிறகு நான் எடுத்த போட்டோக்கள் சில இருக்கின்றன. ஆள் முகம் ஒன்றில் பாதி தெரிகிறது. அதையும், கம்பத்தில் பிரித்தபோது எடுத்த துளைகளின் படங்களையும், டயர் கடை பில்லையும் வைத்து அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்குத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் எழுதுகிறேன்.