மொராக்கோ தாடைத் துண்டுகள் விற்கும் ஒரு கடை

கனிமங்களும் புதைபடிவங்களும் விற்கும் இந்தச் சிறிய சிங்கப்பூர்க் கடையில், மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த தாடைத் துண்டுகள் தனி அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ‘மொசசோர் தாடை’ என்ற ஒரே சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது; மொசசோர் என்பது அழிந்துபோன கடல்வாழ் ஊர்வன இனம். அந்தச் சீட்டை மட்டும் நம்பி யாரும் வாங்கக் கூடாது. ஆனால் பொருளைக் கையில் எடுத்து, லென்ஸ் வைத்து, புற ஊதா விளக்கடித்துப் பார்க்க இங்கே தாராளமாக விடுகிறார்கள். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூரிப்காவில் மொசசோரின் உதிரிப் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பற்களோடு கூடிய தாடை அரிது. அதனால் உண்மையான உதிரிப் பற்களை மணலும் பசையும் கலந்து ஏதோ ஓர் எலும்பில் பதித்து விற்பது நெடுநாளைய வழக்கம். பல் அசலாக இருப்பதால் தாடையும் அசலாகிவிடாது. ஆகவே பல்லை விட்டுவிட்டு, அது எலும்போடு சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மொசசோர் பல்லின் மகுடத்துக்குக் கீழே பருத்த எலும்புத்தன்மையுள்ள அடிப்பாகம் உண்டு. அதன் உட்புறத்தில், அடுத்த பல் முளைத்துவரும் குழி பல இடங்களில் தெரியும். கீழ்த்தாடையின் வெளிப்புறத்தில் நரம்புத் துளைகள் வரிசையாக இருக்கும். முளைக்கும் பல், முதிர்ந்த பல், விழுந்த இடம் என்று வரிசை ஏறுக்குமாறாக இருப்பதே இயல்பு.

கடையிலிருந்த பெரிய துண்டில் எல்லாப் பற்களும் ஒரே உயரத்தில் நின்றன. பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மணல் பூச்சு இடைவெளியின்றி ஓடியது; புற ஊதா ஒளியில் அந்தப் பூச்சு வெளிர்நீலமாக ஒளிர்ந்தது, எலும்பு ஒளிரவில்லை. அத்துண்டுக்குக் கேட்ட விலை நியாயமற்றது.

அதே சீட்டோடு கிடந்த ஒரு சிறு துண்டோ உண்மையில் என்கோடஸ் என்னும் மீனின் தாடை. மெலிந்து சற்றே வளைந்த பற்கள் குழி எதுவுமின்றி எலும்போடு ஒன்றியிருந்தன; உடைந்த முனையில் எலும்பின் நுண்துளைகள் தெளிவாகத் தெரிந்தன. பசையின் தடயமே இல்லை. நான் வாங்கியது அதைத்தான். பெயர் தவறானாலும் பொருள் நேர்மையானது, விலையும் குறைவு.

‘சுறாத் தாடை’ என்ற சீட்டுள்ள துண்டுகளையும் தவிர்த்துவிடலாம். சுறாவின் தாடை குருத்தெலும்பால் ஆனது. அது கல்லாக மாறுவது மிக அரிது. அரியலூர்க் கடற்படிவுகளிலும் சுறா என்றால் பெரும்பாலும் உதிரிப் பற்களே கிடைக்கின்றன. தாடைபோல் எலும்பில் வரிசையாகப் பதிந்த சுறாப் பற்களைக் கண்டால் அவை மனிதர் பதித்தவை என்றே கொள்ளலாம்.

கடைக்காரரிடம் ஒரு வேண்டுகோள்: கூரிப்காவின் அடுக்குகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியிலிருந்து அதற்குப் பின்வந்த இயோசீன் காலம் வரை நீள்கின்றன, மொசசோர்களோ கிரெட்டேசியஸ் முடிவில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. எனவே எந்த அடுக்கிலிருந்து வந்தது, எந்த இடத்தில் பசை போட்டுச் செப்பனிடப்பட்டது என்ற இரண்டையும் ஒவ்வொரு சீட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.