ஏற்காடு காட்டேஜில் என் நாய்க்கு நடந்தது: 38,600 ரூபாய் போச்சு, பதில் சொல்ல ஆளில்லை

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. காட்டேஜில் வைத்திருந்த எலி விஷத்தை என் நாய் தின்றது பற்றி நான் கொடுத்த புகாருக்கு, அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்த ஆப்காரர்களின் கடைசி பதில் இன்று மதியம்தான் வந்தது. புகாரை முடித்துவைத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரிக்கு 38,600 ரூபாய் கட்டியவளுக்கு, அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ள 750 ரூபாய் கூப்பன். நாயைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் பொம்மி நாட்டு நாய். மூன்று வயது, 14 கிலோ. அவளை விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை என்பதால் மூன்று வருடமாக நாங்கள் வெளியூரே போகவில்லை. வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் ஒரு பெரிய ஆப்பில், செல்லப்பிராணிகளை அனுமதிப்போம் என்று போட்டிருந்த ஒரு காட்டேஜ் ஏற்காட்டில் கிடைத்தது. காபித் தோட்டத்துக்குள் தனி வீடு, சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். படத்தைப் பார்த்ததுமே என் பையன் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

பணம் கட்டும் முன் ஓனரிடம் போனில் பேசினேன். முதல் கேள்வியே இதுதான்: "சார், வீட்டுக்குள்ள எலி மருந்து, கரப்பான் மருந்து ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? எங்க நாய் எதைப் பார்த்தாலும் வாயில போட்டுடும்."

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க மேடம். எங்க வீட்லயும் ரெண்டு நாய் இருக்குதுங்க. உங்களுத எங்க வீட்டுப் புள்ளை மாதிரி பார்த்துக்கறோம், தைரியமா வாங்க."

இந்தப் பேச்சில்தான் விழுந்தேன். நாய் வளர்க்கிறவர் நாய் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். இரண்டு ராத்திரிக்கு 11,000, நாய்க்குத் தனியாக 1,500. மறுபேச்சு பேசாமல் கட்டினேன். போய் இறங்கியதும் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு பிசைந்து பொம்மிக்கு வைத்தார். அதைப் பார்த்து மிச்சம் இருந்த பயமும் போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் பொம்மி சமையல்கட்டுத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு எதையோ கடித்துக்கொண்டிருந்தாள். பிடித்து இழுத்தேன். மூக்கு நுனியிலும் மீசை முடியிலும் நீலப் பச்சையாகத் தூள் ஒட்டியிருந்தது. என் பையன் அதைப் பார்த்துச் சிரித்துப் போட்டோ எடுத்தான். அந்த அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்திரம் தேய்க்கிற சோப்புங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார். பச்சை சோப்பு யார் வீட்டில் இல்லை? நம்பினேன். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு விட்டுவிட்டேன். அப்போதே சேலத்துக்கு ஓடியிருந்தால் வாந்தி எடுக்கவைக்கும் மருந்தோடு முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் வண்டியை நிறுத்தியபோது பொம்மியின் மலம் பச்சையாக இருந்தது. புல்லைத் தின்றிருப்பாள் என்று நினைத்தேன். திங்கள், செவ்வாய் ஒரு குறையும் இல்லை. புதன் காலையில் சாப்பிடவில்லை. ராத்திரி எழுந்து வந்து என் காலடியில் படுத்தாள், மூச்சு இரைத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. வயிற்றில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக ரத்தம் கட்டியிருந்தது. சென்னையில் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் போக நேரமில்லை, எங்கள் அம்பத்தூரிலேயே ராத்திரியும் திறந்திருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார். ரத்தம் உறையவே இல்லை. "எலி கேக் சாப்பிட்டிருக்கு" என்றார். கடையில் நீலத்திலும் பச்சையிலும் கட்டியாக விற்பதுதான். ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யை அது தடுக்கிறது. ஏற்கெனவே உடம்பில் இருக்கிற ரத்தம் உறையும் பொருட்கள் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். சனிக்கிழமை தின்றது புதன்கிழமை காட்டியது அதனால்தான்.

நடு ராத்திரியில் ரத்தத்துக்கு அலைந்தோம். அடுத்த தெரு லாப்ரடார்தான் காப்பாற்றியது. அந்த வீட்டு ஐயா தூக்கக் கலக்கத்தோடு லுங்கியிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த நாய் மேசையில் அசையாமல் படுத்து, ஐயாவின் கையை நக்கிக்கொண்டே ரத்தம் கொடுத்தது. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

முதல் ராத்திரி பரிசோதனைக்கும் டிரிப்ஸுக்கும் 6,400. ரத்தம் ஏற்றி மூன்று நாள் வைத்துப் பார்த்ததற்கு 21,500. வைட்டமின் கே1 மாத்திரை நான்கு வாரத்துக்கு, மறுபடி பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து 10,700. மொத்தம் 38,600 ரூபாய். என் கணவர் நகைக்கடைச் சீட்டை உடைத்துக் கட்டினார்.

வியாழக்கிழமை காலையில் முதலில் அந்த அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். "ஐயோ, அது எலி கேக்காத்தான் இருக்கும்ங்க, போன வாரம் ஓனர்தான் வைக்கச் சொன்னாரு" என்று அவர் வாயாலேயே சொன்னார். அரை மணி நேரத்தில் ஓனர் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. "நாலு நாள் கழிச்சு வந்து சொல்றீங்க. வழியில எங்கேயாச்சும் தின்னிருக்கும்ங்க." மலம் பச்சையாக இருந்ததைச் சொன்னேன், போட்டோவை அனுப்பினேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "நாட்டு நாய்தானுங்க மேடம். அதுக்குப் போயி இவ்வளவு செலவு பண்ணச் சொல்லி யார் சொன்னா?" அப்புறம் என் நம்பரைத் தடுத்துவிட்டார். எங்கள் வீட்டுப் புள்ளை என்று சொன்ன அதே மனுஷன். அந்த அண்ணனும் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

ஆப்பில் நடந்தது அதைவிட மோசம். இரண்டு நாள் தானியங்கிப் பதில்தான் வந்தது. பிறகு ஒரு பெண் பேசினாள், "புரிகிறது மேடம்" என்று பத்து முறை சொன்னாள். அடுத்து வேறொருவர், அவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது ஆள் சொன்னார், வீட்டைக் காலி செய்த 72 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். ஞாயிறு 11 மணிக்குக் காலி செய்தோம், புதன் 11 மணியோடு கெடு முடிந்துவிட்டது. புதன் ராத்திரிதான் என் நாய் விழுந்தது! நான்கு நாள் கழித்து வேலை காட்டும் விஷத்தை வைத்துவிட்டு மூன்று நாள் கெடு வைத்தால் யார்தான் புகார் கொடுக்க முடியும்? நான் கட்டிய 1,500 எதற்கு என்று கேட்டேன். நாய் வீட்டை அழுக்காக்கினால் சுத்தம் செய்யவாம். சோபாவை நாய் கிழித்தால் ஓனருக்குக் காப்பீடு உண்டு, ஓனர் வைத்த விஷத்தை நாய் தின்றால் எனக்கு ஒன்றும் கிடையாது. போனில் ஓனர் கொடுத்த வாக்கு "எங்கள் பதிவில் இல்லை" என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆவது பிரிவில் விலங்குக்கு விஷம் வைப்பது குற்றம்தான், ஆனால் வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போம்மா என்றார் எழுத்தர். மரியாதையாகத்தான் சொன்னார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். 2020-இல் வந்த மின் வணிக விதிப்படி ஆப்பின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எனக்கு அந்த அதிகாரியின் முதல் பதிலே ஒன்பதாவது நாள்தான் வந்தது. அதையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப்போகிறேன். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம். 38,600 ரூபாயும் வர வேண்டும், வாடகையும் வர வேண்டும், மன உளைச்சலுக்கும் கேட்பேன். விட மாட்டேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். மருந்து வைத்திருக்கிறார்களா என்று போனில் கேட்காதீர்கள், ஆப் சாட்டில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். உள்ளே நுழைந்ததும் நாயை அவிழ்க்கும் முன் தொட்டிக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், வீடியோ எடுங்கள். வாயில் நீலமோ பச்சையோ இருந்தால் யார் சோப்பு என்று சொன்னாலும் கேட்காதீர்கள், மிச்சத்தைப் பாக்கெட்டோடு எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள், டாக்டர் கையால் எலி விஷம் என்று எழுதி வாங்குங்கள். வைட்டமின் கே என்று கடையில் எதையாவது வாங்கிக் கொடுக்காதீர்கள், கே1-தான் வேலை செய்யும், கே3 செய்யாது என்று டாக்டரம்மா சொன்னார். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காமல் கொஞ்சம் நெய்ச்சோறோடு கொடுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மறுபடி பி.டி. பார்க்க வேண்டும். பொம்மிக்கு அது வருகிற வெள்ளிக்கிழமை.