அடிதடி வழக்கில் முதல்முறை உள்ளே போனவருக்கு இலவச சட்ட உதவி: ஜாமீனுக்கு எவ்வளவு தேறும்?

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல்கள் மனு போடுவதில் குறை சொல்ல முடியாது. ஜாமீன் கிடைத்தபிறகு ஆளை வெளியே கொண்டுவருவதில்தான் கோட்டை விடுகிறார்கள். அவர்களின் ஜாமீன் சேவை பற்றி எங்கள் கணிப்பு இதுதான்.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-க்குப் பேசலாம், சிறைக்குள் உள்ள சட்ட உதவி மையத்திலும் சொல்லலாம். இந்த வேலைக்கென்றே முழுநேரமாக அமர்த்தப்பட்ட வக்கீல்கள் தனியார் வழக்கு எடுக்கக் கூடாது என்பதால், தினமும் அதே கோர்ட்டில்தான் இருப்பார்கள். குடும்பம் தரவேண்டியது: காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், கைதான தேதி, எஃப்.ஐ.ஆர். நகல், முகவரிச் சான்று. வக்கீலை அமர்த்தும் தாளான வக்காலத்தில் கைதியின் கையெழுத்துக்குச் சிறை அதிகாரி சான்றொப்பம் இடவேண்டும். அந்தத் தாள் போய்வரும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். யாராவது ஃபீஸ் கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் ஒரு நீதிபதி.

கத்திக்குத்து, வெட்டு என்றால் பெரும்பாலும் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 109, அதாவது கொலை முயற்சி. காயம் பட்டிருந்தால் ஆயுள்வரை தண்டனை உண்டு. அதனால் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் நாளைக் கடத்தாமல் நேரே செஷன்ஸுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே பி.பி. (அரசு வக்கீல்) தரப்பு முதலில் சொல்வது, காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆனாரா இல்லையா என்பதைத்தான். அவர் ஐ.சி.யு.வில் இருக்கும்போதே அவசரப்பட்டு மனு போட்டால் தள்ளுபடிதான் மிஞ்சும். பிறகு போடும் மனுவில் ‘சூழ்நிலை என்ன மாறியது?’ என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, நாள் எண்ணும் வேலை. வழக்குக் கட்டு குவிந்துகிடக்கும் வக்கீலை மட்டும் நம்பி இதை விட்டுவிடாதீர்கள். ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்கில் 90 நாளுக்குள், ஏழு ஆண்டு வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும். 61-ஆம் நாள் (அல்லது 91-ஆம் நாள்) கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போகவேண்டும். போலீஸ் முந்திக்கொண்டு குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போச்சு.

முதல் குற்றவாளிக்கென்றே உள்ளது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 479. அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழித்திருந்தால் விடவேண்டும்: மூன்றாண்டு வழக்கில் 12 மாதம், ஏழாண்டு வழக்கில் 28 மாதம். கோர்ட்டுக்கு எழுதவேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே முதல் குற்றவாளி என்றால் முன்பு தண்டனை பெறாதவர், பழைய எஃப்.ஐ.ஆர். இருப்பதாலேயே அந்தத் தகுதி போகாது. ஆனால் வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் இதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வழிமறிக்கும். ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றத்துக்கு இந்தச் சலுகையே இல்லை. காயம் ஏற்படுத்திய 109 வழக்குக்காரர் 479-ஐ நம்பிக் காத்திருப்பது வீண். பலருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இனி ஷூரிட்டி, அதாவது பிணை நிற்கும் ஆள். ஆர்டரில் வழக்கமாக இரண்டு ஷூரிட்டி கேட்பார்கள். பத்திரத்தில் இருவரின் போட்டோவும் இடதுகைப் பெருவிரல் ரேகையும் வேண்டும். ஆதார் அல்லது பாஸ்புக் நகலும் தரவேண்டும். வாடகை வீட்டுக் குடும்பம் இங்கேதான் திணறும். ஆணைக்குழுவில் வக்கீல் கொடுப்பார்கள், ஷூரிட்டிக்கு ஆள் கொடுக்கமாட்டார்கள். ஆர்டர் வந்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல் இது. கேட்காமல் நடக்கும் என்று எண்ணாதீர்கள். எட்டாம் நாளே எழுதிக் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்குங்கள்.

தடுப்புக்காவலில் வைக்கும் குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டால் ஜாமீன் ஆர்டர் கையில் இருந்தும் ஆள் வெளியே வரமுடியாது. அந்தக் காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடவேண்டும். அங்குள்ள சட்டப் பணிகள் குழுவிடம் தனியாக விண்ணப்பியுங்கள்.

வெளியே வந்தபின் தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனை பிழைப்பைக் கெடுக்கும். சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, தளர்த்தக் கோரும் மனுவையும் அதே வக்கீலிடமே கேட்கலாம். அதுவும் இலவசம்தான்.